சாமி பேரில் ஒரு கேரவன்

கேரவன் ஒன்று வாங்கினால் பதிவு, வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டுத் தரச் சொல்லி, என் வீட்டுக்காரரின் பங்காளிகள் இரண்டு பேர் ஒரு தை மாதக் காலையில் என் கடைக்கு வந்தார்கள். அருப்புக்கோட்டையில் வண்டி இன்சூரன்ஸ் எழுதுகிற கடை என்னுடையது. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், பாதி நேரம் மை தீர்ந்துபோன ஒரு பிரிண்டர். இருபது வருடத்துக்கும் மேலாக டூவீலர், லோடு ஆட்டோ, தண்ணீர் லாரி, டிராக்டர் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பெயர் மாற்றம், வண்டித் தகுதிக்கான எஃப்.சி. என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலையும் பார்ப்பேன். கேரவன் மட்டும் ஒன்றுகூட எழுதினது கிடையாது. எங்கள் பக்கத்தில் கேரவன் என்றால் சினிமா நடிகர்கள் ஏ.சி.யில் உட்கார்ந்து மேக்கப் போட்டுக்கொள்ளும் வண்டி. பருப்பு கமிஷன் மண்டி வைத்திருப்பவர்களுக்கு அதில் என்ன வேலை என்றுதான் முதலில் நினைத்தேன்.

வந்தவர்களில் மூத்தவர் என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன். மண்டிக்காரர். பங்காளி வகையறாவில் அவர் சொன்னால் சொன்னதுதான். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். கூட வந்தவன் என் கொழுந்தன், டயர் கடை வைத்திருக்கிறான். அவன் செல்போனில் ஒரு வீடியோவைப் போட்டு என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

“பாருங்க மதினி. ஷூட்டிங் வண்டி. மெட்ராஸ்ல ஒருத்தர் விக்கிறாரு. பெட்டு இருக்கு, ஃபேன் இருக்கு, கண்ணாடி இருக்கு.”

கண்ணாடியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பல்புகள் எரிந்தன. வீடியோ எடுத்தவர் ஒரு சின்னக் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு வெஸ்டர்ன் டாய்லெட், பக்கத்தில் ஒரு குழாய். அத்தான் அந்த இடம் வந்ததும் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இவர்கள் வாங்க வந்தது பெட்டையும் அல்ல, கண்ணாடியையும் அல்ல.

எங்கள் குலதெய்வக் கோயிலுக்குத் திருச்சுழிக்கு அந்தப் பக்கம், வீரசோழன் பஸ் போகிற ரோட்டிலிருந்து பிரிந்து, ஒரு கண்மாய்க் கரையைத் தாண்டிப் போக வேண்டும். உடைமரத்தடியில் ஒரு கல். அதற்கு ஒரு தகரக் கொட்டகை. மாசி சிவராத்திரிக்குப் பங்காளிக் குடும்பங்கள் நாற்பத்திரண்டு தலைக்கட்டும் வேன் பிடித்துப் போய், ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் கிடா வெட்டிச் சாப்பிட்டு முடிகிற வரைக்கும் அங்கேதான் இருக்க வேண்டும். அங்கே கக்கூஸ் கிடையாது. முன்பெல்லாம் சுற்றிலும் சீமைக்கருவேலம் ஆளுயரத்துக்கு அடைத்துக் கிடந்தது. பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து முள்ளுக்குள் போய் வருவோம். அந்தக் கருவேலத்தையும் கரிமூட்டம் போடுகிறவர்கள் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது நின்று பார்த்தால் கரிசல்தான், ரோட்டில் போகிற பஸ்ஸின் ஜன்னல் வரைக்கும் தெரிகிறது. அதனால் நாங்கள் என்ன செய்வோம் என்றால், முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவோம். சாமி கும்பிடுவதற்கு விரதம் இருக்கிறோம் என்று ஆண்கள் நினைத்துக்கொள்வார்கள்.

அப்படி அடக்கி வைத்துத்தான் போன மாசியில் அத்தானின் மனைவி, எனக்கு மூத்த ஓரகத்தி, கோயிலிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் அவரை அக்கா என்பேன். அக்காவுக்குச் சர்க்கரை உண்டு. குளிர் காய்ச்சல் வந்து, மூத்திரத்தில் ரத்தம் கலந்து, ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தார். சிறுநீரகம் வரைக்கும் தொற்று போயிருக்கிறது, இனிமேல் அடக்கவே கூடாது, தண்ணீர் குடிக்காமலும் இருக்கக் கூடாது என்று டாக்டரம்மா அத்தானை நிற்க வைத்துத் திட்டியிருக்கிறார். இந்த மாசியிலோ அக்காவின் ஒரே மகன் வீட்டுக் குழந்தைக்கு மொட்டையெடுத்துக் காது குத்துகிறார்கள். அந்தக் கோயிலில்தான் குத்த வேண்டும். அக்கா போக வேண்டும். போனால் இருபத்தாறு மணி நேரம் அங்கே இருக்க வேண்டும். இதுதான் பிரச்சினை. ஒரு கக்கூஸ் கட்டினால் தீர்ந்துபோகிற பிரச்சினை.

ஆனால் கட்டக் கூடாதாம். நான் அதை அன்றைக்கே கேட்டேன்.

“ஏன் அத்தான், ரெண்டு ரூமு கட்டிப்புட்டா முடிஞ்சு போச்சே. இதுக்கு எதுக்கு கேரவன்?”

“சாமி எல்லைக்குள்ள கக்கூஸு கட்டுவாகளா தாயி? என்ன பேச்சு பேசுற?” என்றார். “வண்டின்னா வரும், நிக்கும், போயிரும். மண்ணுல படாதுல்ல.”

எல்லை என்பது நாலு பக்கமும் வெள்ளையடித்து நட்டிருக்கும் நாலு கற்கள். எல்லைக்கு வெளியே கட்டலாமே என்றால், வெளியே இருப்பது அடுத்தவன் நிலம். அந்த எல்லைக்குள் எங்கள் ஆண்கள் உட்கார்ந்து பிராந்தி குடித்த பாட்டில்களைப் பெருக்கித்தான் நாங்கள் பொங்கல் அடுப்பு கூட்டுவோம். குடித்தவர்கள் எழுந்து போய் நிற்கும்போது, எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்த்து நின்றதை நான் ஒரு தடவைகூடக் கண்டதில்லை. அந்தக் காரியத்துக்கெல்லாம் சாமி கண்ணை மூடிக்கொள்ளும் போலிருக்கிறது. பொம்பளைக்கு ஒரு கதவு வைத்தால் மட்டும்தான் அதற்குத் தீட்டு.

இவ்வளவையும் வாய்க்குள் வைத்துக்கொண்டு, “சரி, வண்டியோட ஆர்.சி.ய அனுப்பச் சொல்லு தம்பி” என்றேன்.

ஆர்.சி. அன்று சாயங்காலமே போனுக்கு வந்தது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. புத்தகத்தின்படி அது பதினெட்டு சீட் வேன், மஞ்சள் போர்டு. வீடியோவின்படி உள்ளே இருப்பது டிரைவர் சீட்டோடு சேர்த்து மூன்று சீட். மீதிப் பதினைந்தையும் கழற்றி எறிந்துவிட்டுப் பெட்டும் டாய்லெட்டும் வைத்தவர், அதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லவே இல்லை. இல்லாத பதினைந்து சீட்டுக்கும் சேர்த்து வரி கட்டிக்கொண்டிருக்கிறார் மனுஷன். அரசாங்கத்தைப் பொறுத்தவரை அந்த வண்டியில் டாய்லெட் என்று ஒன்று கிடையாது.

மறுநாள் கொழுந்தனிடம் விளக்கினேன். வேறு மாவட்டத்து வண்டி என்பதால் அங்கே பாக்கி ஒன்றும் இல்லை என்று தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். மஞ்சள் போர்டை வெள்ளையாக மாற்ற வேண்டும், அதற்குப் பெர்மிட்டை முதலில் ஒப்படைக்க வேண்டும். உள்ளே செய்திருக்கிற மாற்றத்தையெல்லாம் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, கேரவன் என்று வகையை மாற்றி எழுத வேண்டும். வகை மாறினால் வரி மாறும். வண்டிக்கு வயதாகிவிட்டதால் பசுமை வரி தனி. பெயர் மாற்றக் கட்டணம் தனி.

“இன்சூரன்ஸு?”

“அது இன்னும் விசேஷம். வண்டிக்கு மட்டும் போட்டா உள்ள இருக்கிற பெட்டு, டாங்கி, ஏ.சி. எதுக்கும் ஒத்தப் பைசா வராது. அதுக்கெல்லாம் தனியா மதிப்புக் காட்டித் தனியா கட்டணும். ஆர்.சி.ல ஏறாத சாமான காட்டவும் முடியாது. காட்டாம ஓட்டி எவனாவது மோதிட்டான்னா, நீங்க வண்டியவே மாத்திட்டீகன்னு சொல்லிக் கம்பெனிக்காரன் கையக் கழுவிருவான்.”

அவன் தலையைச் சொறிந்துகொண்டான். டயர் கடைக்காரனுக்கு வண்டி என்றால் நாலு டயர், ஒரு ஸ்டெப்னி. காகிதம் என்று ஒன்று இருப்பதே போலீஸ் கைகாட்டும்போதுதான் ஞாபகம் வரும்.

ஒரு வாரம் மெனக்கெட்டுக் கணக்குப் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, ஆசையாகவே போட்டேன். ஒவ்வொரு வரியையும் எழுதும்போது ஒவ்வொரு பங்காளியின் முகமும் எப்படிக் கோணும் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். வண்டி விலை பதினோரு லட்சம். அதை விட்டுவிடுவோம். காகிதச் செலவு மட்டும் முதல் வருஷத்துக்கு இரண்டேகால் லட்சத்துக்குக் குறையாது என்று வந்தது. அப்புறம் வருஷாவருஷம் இன்சூரன்ஸ், எஃப்.சி. மாதிரியான சோதனைகள், ஓடினாலும் ஓடாவிட்டாலும் பேட்டரி, டயர். இத்தனையும் வருஷத்தில் இரண்டே நாள் வேலை செய்யப் போகிற ஒரு கக்கூஸுக்கு.

எழுதிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றேன். வண்டி யார் பேரில்?

அத்தானுக்குப் போன் போட்டுக் கேட்டேன். நாற்பத்திரண்டு தலைக்கட்டும் காசு போட்டு வாங்குகிற வண்டி. ஒருத்தர் பேரில் ஆர்.சி. இருந்தால் மீதி நாற்பத்தொரு பேருக்கும் தூக்கம் வராது. போன தலைமுறையில் கோயில் பித்தளை அண்டாவை ஒருவர் தன் வீட்டுக் கல்யாணத்துக்கு எடுத்துப்போய்த் திருப்பித் தரவில்லை என்று, அவர் பேரன்களோடு இன்றைக்கும் பேசாமல் இருக்கிற வகையறா இது.

“சாமி பேர்லயே போட்டுரு தாயி” என்றார் அத்தான்.

“சாமிக்கு லைசென்ஸ் இருக்கா அத்தான்?”

“என்ன தாயி கிண்டலா?”

கிண்டல்தான். ஆனால் கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. பாலிசி படிவத்தில் சொந்தக்காரருக்கு விபத்துக் காப்பு என்று ஓர் இடம் வரும், அதற்கு அவருக்கு டிரைவிங் லைசென்ஸ் இருக்க வேண்டும். கீழே நாமினி என்று ஒரு கட்டம், சாமிக்கு ஏதாவது ஆகிவிட்டால் பணம் யாருக்கு என்று எழுத வேண்டும். ஆர்.சி.யில் தகப்பனார் பெயர் கேட்பார்கள். இதை நான் விளையாட்டாகச் சொன்னதும் கொழுந்தன் நிஜமாகவே மூன்று பெரியவர்களிடம் போய் விசாரித்துவிட்டு வந்தான். சாமிக்குத் தகப்பன் பெயரில் அபிப்பிராய பேதம் இருக்கிறதாம். ஒருவர் ஒரு பேரைச் சொல்ல, இன்னொருவர் அது தாய்மாமன் என்று சண்டைக்குப் போயிருக்கிறார்.

கடைசியில், கோயில் பேரில் ஒரு டிரஸ்ட் பதிந்து, அதற்கு ஒரு பான் கார்டு வாங்கி, டிரஸ்ட் பேரில் வண்டியைப் போடலாம் என்று நானே வழி சொன்னேன். அதற்கான செலவையும் எஸ்டிமேட்டில் சேர்த்தேன். இவ்வளவு சிக்கலைப் பார்த்தாவது விட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். இல்லை. பத்திரப் பதிவு ஆபீஸில் யாரைப் பிடிக்கலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். ஒரு செங்கல் வைக்கக் கூடாது என்பதற்காக ஒரு டிரஸ்ட்டே ஆரம்பிக்கத் தயாராக இருந்தார்கள்.

இரவு சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “அண்ணனுக்கு இதுக்கு மேல எறங்கி வரத் தெரியாது. அவரு வந்த வரைக்கும் வந்துருக்காரு” என்று மட்டும் சொன்னார். அண்ணனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

இந்தக் கணக்கைப் படித்துக் காட்ட வேண்டிய பங்காளிக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் அக்காவைப் பார்க்கப் போனேன். வற்றல் மிளகாயைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், டாக்டரம்மா உத்தரவுப்படி. காதுகுத்துக்கு வாங்கின சின்னச் சின்னப் பொன் கம்மலை எடுத்துக் காட்டினார். குழந்தைக்கு எடுத்த பட்டுப் பாவாடையைக் காட்டினார். எல்லாவற்றையும் காட்டி முடித்த பிறகு கேட்டார்.

“வண்டி வந்துருமா?”

“அக்கா, அந்த வண்டிக்கு ஆகுற காகிதச் செலவுலயே கக்கூஸு கட்டி முடிச்சிரலாம். பாலவனத்தத்துக் கொத்தனார்கிட்ட கேட்டுட்டேன். ரெண்டு ரூமு, செப்டிக் டேங்கு, மேல தொட்டி, எல்லாம் சேத்து ரெண்டேகாலு. எழுதி வச்சிருக்கேன்.”

“அது வண்டியா இருந்தா என்ன, ரூமா இருந்தா என்ன? எனக்கு ஒரு கதவு வேணும். உள்பக்கம் ஒரு தாப்பா. அம்புட்டுத்தான்.”

“விடுங்கக்கா. கூட்டத்துல நான் பேசுற பேச்சுல அவுக ரூமு கட்டாமப் போகமாட்டாக.”

அக்கா மிளகாய்க்குத் திரும்பிவிட்டார். எனக்கு அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது உள்ளுக்குள் ஒரு துள்ளல். கல்யாணமாகி வந்த முதல் மாசியில் கருவேல முள் காலில் ஏறி ஒடிந்து, அதை யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டு ஒரு வாரம் நொண்டினவள் நான். அன்றைக்கு வாயைத் திறக்காதவளுக்கு இப்போதுதான் வாய்ப்பு கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன்.

பங்காளிக் கூட்டத்தில் பெண்கள் பேசுவது வழக்கமில்லை. நான் இன்சூரன்ஸ்காரி என்கிற முறையில் மண்டிக்கு வரவழைக்கப்பட்டேன். மூட்டைகளுக்கு நடுவில் ஜமுக்காளம் விரித்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் சேர். எஸ்டிமேட்டை ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிதானமாகப் படித்தேன். தடையில்லாச் சான்று, பெர்மிட் ஒப்படைப்பு, வகை மாற்றம், வரி, பசுமை வரி, பெயர் மாற்றம், டிரஸ்ட் பதிவு, இன்சூரன்ஸ், உள்சாமான்களுக்குத் தனி இன்சூரன்ஸ். ஒவ்வொன்றுக்கும் தொகையைச் சொல்லி, அது தலைக்கட்டுக்கு எவ்வளவு என்றும் சொன்னேன். ஒருவர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தவர் பாதியில் கையைக் கீழே போட்டுவிட்டார்.

“வருஷம் பூரா எங்க நிக்கும்?” என்று ஒருவர் கேட்டார்.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

“நல்லாக் கேட்டீக. ஆர்.சி.ல சொந்தக்காரர் வெலாசம் எழுதணும். டிரஸ்ட்டுக்கு என்ன வெலாசம்? கோயில்தான். அதாவது எல்லைக்கல்லுக்குள்ள. ஆகக்கூடி, சாமி எல்லையில கக்கூஸு ஆகாதுன்னு சொல்லி, சாமி பேர்லயே, சாமி வெலாசத்துலயே ஒரு கக்கூஸு வாங்கப் போறோம். வருஷாவருஷம் அதுக்கு இன்சூரன்ஸும் கட்டப் போறோம். கக்கூஸு வச்சிருக்கேன்னு சாமியே அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்தாப்புல ஆயிரும்.”

பின்னால் இருந்த இளவட்டங்கள் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு முன்வரிசைக்கும் வந்தது. மூட்டை மேல் சாய்ந்திருந்த ஒரு பெரியவர்கூட வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இத்தனை வருஷமாக நான் அடக்கி வைத்திருந்த அத்தனை பேச்சும் ஒரே வாக்கியத்தில் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது.

அத்தான் சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் கையிலிருந்த தாளை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“சரி. அப்ப வண்டி வேண்டாம்” என்றார்.

“அந்தத் தாள்ல கடைசியா கொத்தனார் கணக்கு எழுதியிருக்கேன் அத்தான். ரெண்டேகாலுதான்.”

வாயைத் துண்டால் பொத்தின பெரியவர் இப்போது துண்டை எடுத்தார். “அது வேற பேச்சு தாயி. அதுக்குச் சாமிகிட்ட பூப்போட்டுக் கேக்கணும். உத்தரவு குடுக்கணும். மாசி முடியட்டும், பாப்போம்.”

கேரவன் வாங்கப் புறப்பட்டபோது ஒருத்தரும் பூப்போட்டுப் பார்க்கவில்லை. அதை நான் கேட்பதற்குள் ஜமுக்காளத்தைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கிடா வாங்க வீரசோழனுக்கு யார் போவது என்று பேச்சு மாறிவிட்டது. வெளியே வரும்போது நாலைந்து பேர் என்னிடம் வந்து, நல்லவேளை மதினி, பெரிய செலவுலயிருந்து காப்பாத்திட்டீக என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். அவமானத்தில் இரண்டு நாளில் அத்தானே கொத்தனாரைக் கூப்பிடுவார் என்று முழுசாக நம்பினேன்.

கூப்பிடவில்லை. மாசி வந்தது.

அக்கா வரவில்லை. முந்தின நாள் நான் போய்க் கூப்பிட்டபோது, “டாக்டரம்மா சொல்லியிருக்குல்ல” என்பதோடு நிறுத்திக்கொண்டார். குழந்தையின் பட்டுப் பாவாடையையும் கம்மல் டப்பாவையும் ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். நான் வழக்கம்போல மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை.

சிவராத்திரிக்கு மறுநாள் காலையில் மொட்டையெடுத்துக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் குழந்தை திமிறிக்கொண்டு வீறிட்டது. ஆசாரி ஊசியை எடுத்த நேரத்தில் அத்தான் தன் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். வீடியோ காலில் அக்கா. வெயிலில் திரையில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. அத்தான் ஒரு கையால் போனைப் பிடித்து, மறுகையால் திரைக்கு நிழல் கொடுத்துக்கொண்டு, “தெரியுதா, தெரியுதா” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அக்காவிடம் அத்தனை தடவை ஒரு கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. கண்மாய்ப் பக்கம் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். ஊசி இறங்கும்போது படம் நின்றுவிட்டது. இரண்டாவது காது குத்தி முடித்துச் சர்க்கரை கொடுத்த பிறகுதான் மறுபடி வந்தது.

கொழுந்தன் பக்கத்தில் நின்றான். யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போல இருந்தது.

“ரெண்டு ரூமு கட்டத் துப்பில்ல. எல்லாப் பேரும் வந்து நிக்கிறீக வெள்ள வேட்டிய கட்டிக்கிட்டு” என்றேன்.

“எங்கள ஏன் மதினி சொல்றீக?” என்றான் அவன். “அந்த மெட்ராஸ்க்காரரு போன வாரங்கூட போன் பண்ணாரு. வாங்காட்டிப் பரவாயில்ல, ரெண்டு நாளு வாடகைக்கு வேணும்னா வண்டிய அனுப்புறேன்னாரு. டிரைவரும் அவுகளே, டீசல் மட்டும் நம்ம போட்டாப் போதும்னாரு. எல்லாம் சேத்து நாலு கிடா வெலகூட ஆகாது. நாந்தான் வேண்டாம்னுட்டேன்.”

“ஏன்?”

“நீங்கதான் அந்த வண்டி ஆகாதுன்னு கூட்டத்துல வச்சு அந்தக் கேலி பண்ணீகளே. அதுக்குப் பெறகு அண்ணங்கிட்ட எந்த வாயால போய்ச் சொல்ல?”

வாடகை. பதிவு இல்லை, வரி இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, சாமிக்குத் தகப்பன் பேர் தேட வேண்டியதில்லை. எங்கள் பங்காளிகள் வியாபாரிகள், எதையும் சொந்தமாக வாங்கித்தான் பழக்கம், வாடகை என்பது அவர்கள் புத்தியில் வராது. சரி. சினிமாக்காரர்கள் கேரவனை நாள் வாடகைக்குத்தான் எடுக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஒரு வாரம் உட்கார்ந்து பைசா பைசாவாகக் கணக்குப் போட்ட என் புத்தியில் ஏன் வரவில்லை? வராததற்குக் காரணம் எனக்குத் தெரியும். அக்காவை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு நான் கணக்குப் போடவில்லை. இவர்களை முட்டாளாக்குவதற்குப் போட்டேன்.

சாயங்காலம் அருப்புக்கோட்டைக்குத் திரும்பியதும், காலி கம்மல் டப்பாவைக் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். வாடகை விஷயத்தை நானே சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அக்கா கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் எழுந்து போய் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். இரண்டு நாளாக நான் சரியாகக் குடித்திருக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியாதா.

“மண்டியில நீ பேசுனத எல்லாரும் வந்து சொன்னாக. அம்புட்டும் சரியாத்தான் எழுதியிருக்க” என்றார். “இவுக சட்டையத் தொவைக்கப் போடும்போது பையில அந்தத் தாளு இருந்துச்சு. நானும் எடுத்துப் பாத்தேன். வரி எம்புட்டு, இன்சூரன்ஸு எம்புட்டு, கொத்தனாருக்கு எம்புட்டு, எல்லாம் இருந்துச்சு. வண்டி வேண்டாம்னா நான் வரமாட்டேன்னு அதுல எந்த எடத்துலயும் எழுதலையே, ஏன்?”

தண்ணீரை வாயருகே கொண்டுபோனவள் சொம்பை இறக்கினேன்.

“குடி” என்றார் அக்கா. “இங்கதான் கதவு இருக்கே.”